வைக்கோலில் காஸ் வேண்டுமென்றால் வெட்டு நாளிலேயே கவனியுங்கள்

2022இல் சிலிண்டருக்காக வரிசையில் கிடந்து அலைந்த பிறகு நம் திருகோணமலைப் பக்கத்தில் உயிர்வாயுக் குழி, அதாவது சாணியையும் வைக்கோலையும் காற்றில்லாமல் மக்கவைத்துச் சமையல் காஸ் எடுக்கிற குழி, பற்றி விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எவ்வளவு ஆழம் வெட்டவேண்டும், எத்தனை மாடு வேண்டும், செலவு என்ன வரும் என்று கேட்பார்கள். நெல்லை எப்படி வெட்டுகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால், அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதுபோல் பார்ப்பார்கள். தொடர்பு நிறையவே இருக்கிறது. தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல், எங்கே வயல் செய்தாலும் சரி, வைக்கோலைக் குழிக்குள் போட நினைத்தால் அது எந்த உயரத்தில் வெட்டுப்பட்டது, எந்த ஈரத்தில் கிடந்தது, எத்தனை நாள் கழித்து அள்ளினீர்கள் என்பதைப் பார்த்தே காஸ் கூடவோ குறையவோ செய்யும். குழி கட்டுகிற மேசன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சேறு அப்பிய வைக்கோலில் இருந்து அவரால் காஸ் எடுத்துத் தர முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நெல் எவ்வளவு விளைகிறதோ ஏறத்தாழ அதே எடைக்கு வைக்கோலும் இருக்கும், சில இனங்களில் கொஞ்சம் கூடவே இருக்கும். ஏக்கருக்கு 1.7 தொன் நெல் எடுக்கிற வயலில் குறைந்தது அவ்வளவு வைக்கோல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த, சுத்தமான வைக்கோல் ஒரு தொன்னை நறுக்கி ஊறவைத்து, வேண்டிய நாளும் கொடுத்தால் 200 முதல் 250 கன மீட்டர் வரை உயிர்வாயு வரலாம். ஒரு கன மீட்டர் உயிர்வாயு ஏறத்தாழ 0.45 கிலோ சிலிண்டர் காஸுக்குச் சமம். அப்படியென்றால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 27, 28 கன மீட்டர். ஒரு தொன் வைக்கோலுக்குள் ஏழு எட்டு சிலிண்டர் இருக்கிறது. வீட்டுக் குழியில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது, ஏனென்றால் வீட்டுக் குழியில் உள்ளே கலக்கிவிடுகிற வசதியும் இல்லை, வைக்கோலுக்கு வேண்டிய நாளும் நாம் கொடுப்பதில்லை. பாதியென்றாலும் மூன்று நாலு சிலிண்டர். வெட்டு முடிந்ததும் வயலில் நெருப்பு வைக்கிறோமே, அந்தப் புகையோடு போவது இதுதான்.

சாணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஒரு கிலோ பச்சைச் சாணியில் 35, 40 லீற்றர் வாயு வரும், ஏனென்றால் சாணியில் பெரும்பகுதி தண்ணீர்தான். வைக்கோல் எடைக்கு எடை அதைவிட ஐந்து மடங்குக்கு மேல் கொடுக்கும். ஆனால் சாணி மாட்டின் வயிற்றிலேயே பாதி வேலை முடிந்து வருகிற சாமான், குழிக்குள் போன சில நாட்களில் காஸ் கொடுக்கத் தொடங்கிவிடும். வைக்கோல் அப்படி இல்லை. அதன் நார், லிக்னின் என்கிற கட்டிப் பொருளால் ஒட்டப்பட்டது, மேலே மெழுகுப்படலம், போதாததற்கு எடையில் 8 முதல் 15 சதவீதம் வரை சிலிக்கா. நுண்ணுயிர் அதற்குள் புகவே நாள் எடுக்கும். அறுவடையை எப்படிச் செய்கிறோம் என்பது இங்கேதான் வந்து நிற்கிறது, ஏனென்றால் நுண்ணுயிர் புகுவதற்கான வழியை அறுவடையே திறந்துவிடவும் முடியும், அடைத்துவிடவும் முடியும்.

கை வெட்டும் மெசின் வெட்டும்

தாக்கத்தியால் வெட்டிய காலத்து வைக்கோல் காஸுக்கு முதல்தரமான சாமான். ஒரு சாணுக்குக் கீழே வெட்டு விழும், வெட்டின பிடிகள் உப்பட்டியாகக் கிடந்து வெயிலில் காயும், கட்டிக்கொண்டுபோய்க் களவெட்டியில், அதாவது நெல் அடிக்கிற களத்தில், சூடு (கதிர்ப்போர்) வைத்து, பிறகு மாடு விட்டோ உழவு மெசினை ஏற்றியோ சூடு அடிப்பார்கள். அந்த மிதியில் தண்டு நசுங்கிப் பிளந்துவிடும், மெழுகுப்படலம் உடைந்துவிடும், தண்ணீரும் நுண்ணுயிரும் உள்ளே போக ஆயிரம் வாசல். அதோடு முழு வைக்கோலும் ஒரே இடத்தில், மண் படாமல், காய்ந்து கிடக்கும். அதற்காக எல்லோரும் கை வெட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆளும் கிடைக்காது, கூலியும் கட்டாது, பெரும்போகத்தில் மழை எப்போது இறங்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவருக்கு அந்த யோசனை உதவாது. குழிக்குத் தேவையான வைக்கோலுக்கு மட்டும் வீட்டுக்குப் பக்கத்து வரவை (வரம்புக்குள் அடங்கிய வயல் துண்டு) ஒன்றைக் கையால் வெட்ட முடிந்தவர் வெட்டட்டும், அவ்வளவுதான்.

மெசின் வெட்டில் நடப்பது வேறு. பெரும்பாலும் முழங்கால் உயரத்தில், 30 முதல் 45 சென்ரிமீட்டர் விட்டுத்தான் வெட்டுவார்கள். மெசின்காரரைக் குறை சொல்ல முடியாது: தாழ்த்தி வெட்டினால் அவ்வளவு வைக்கோலும் மெசினுக்குள் போய்வர வேண்டும், ஓட்டம் குறையும், டீசல் கூடும், ஈரமென்றால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் பக்கம் பார்த்தால் வைக்கோலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஒட்டாக வயலிலேயே நின்றுவிடுகிறது. மிச்சம் மெசினுக்குப் பின்னால் வரிசையாக விழும், அதன் மேலேயே அடுத்த சுற்றில் சங்கிலி ஏறும், ஈர வயலென்றால் அது சேற்றோடு சேறாகிவிடும்.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. மற்றத் தானியங்களில் அடித்தண்டு முரடு, இலை மெது. நெல்லில் தலைகீழ்: சிலிக்கா இலையிலும் இலையுறையிலும்தான் கூட, தண்டில் குறைவு. ஆகவே உயர வெட்டும்போது நாம் வயலில் விட்டுவிட்டு வருவது எளிதாகச் செமிக்கக்கூடிய தண்டை, வீட்டுக்குக் கொண்டுவருவது சிலிக்கா கூடிய இலையை. அளவும் குறைகிறது, தரமும் குறைகிறது.

அதனால் மெசின் பிடிக்கும்போதே பேசிவிடுங்கள். முழு வயலுக்கும் தேவையில்லை, குழிக்கு எடுக்கப்போகிற பகுதியை மட்டும் 10 முதல் 15 சென்ரிமீட்டருக்குத் தாழ்த்தி வெட்டச் சொல்லுங்கள், அதற்கு நேரம் கூடும் என்றால் கூடின நேரத்துக்குக் காசு கொடுங்கள், சண்டை பிடிக்க வேண்டாம். சில மெசின்களில் பின்பக்கம் வைக்கோலைத் துண்டுதுண்டாக வெட்டி வயல் முழுக்க வீசுகிற வெட்டி இருக்கும். மண்ணுக்கு உரமாக விடுவதென்றால் அது அருமையான சாமான், ஆனால் காஸுக்கு அள்ளப்போகிறவருக்கு அதைவிடத் தொல்லை கிடையாது, ஏனென்றால் சிதறின துண்டை மண்ணில்லாமல் கூட்டி எடுக்கவே முடியாது. அதை நிறுத்திவிட்டு வைக்கோலை வரிசையாக விழவிடச் சொல்லுங்கள். அறுக்கும் வேலை ஒன்று, நறுக்கும் வேலை வேறு. நறுக்குவதைப் பிறகு குழியடியில் செய்துகொள்ளலாம்.

நெல் சாய்ந்து கிடந்தாலோ வயல் ஈரமாக இருந்தாலோ இந்தத் தாழ்வெட்டை மறந்துவிடுங்கள். ஆசைப்பட்டுத் தாழ்த்தினால் சேறும் சேர்ந்துதான் வரும். அப்போது உயரமாகவே வெட்டி மேல் வைக்கோலை மட்டும் எடுத்தால் போதும்.

மண்ணும் ஈரமும்

சேறு ஏன் இவ்வளவு கெடுதல்? மண்ணில் இருந்து ஒரு சொட்டுக் காஸ்கூட வராது, அது குழியின் அடியில் போய்ப் படியும். போகத்துக்குப் போகம் படிந்து படிந்து குழியின் கொள்ளளவைத் தின்னும், பிறகு ஒருநாள் முழுக்க இறைத்துத் துப்புரவு செய்ய வேண்டிவரும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அள்ளிய வைக்கோலில் ஒரு கைபிடியை வெள்ளை வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கசக்கி, பத்து நிமிடம் வைத்துவிட்டு வைக்கோலை எடுங்கள். அடியில் மெல்லிசாகத் தூசி படிந்தால் பரவாயில்லை. வாளியின் அடி தெரியாத அளவுக்கு மண் இருந்தால் அந்த வைக்கோலை மாட்டுக்குப் படுக்கையாகவோ கூட்டெருவுக்கோ விடுங்கள், குழிக்குள் போடாதீர்கள்.

வெட்டுக்கு ஒரு பத்து நாள் முன்னதாகவே வயலில் தண்ணீரை நிறுத்தி வடியவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரிலோ அல்லைத் திட்டத்திலோ வயல் செய்கிறவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் எப்போது நிற்கும் என்பது கூட்டத்தில் முடிவாகிற விடயம், ஆனால் உங்கள் வரவையின் வாயைக் கட்டுவதும் வரம்பை வெட்டி வடியவிடுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பக்கத்து வயல்காரரோடும் பேசுங்கள், அவர் தண்ணீர் உங்கள் வயலுக்குள் இறங்கினால் நீங்கள் வடித்து என்ன பயன்.

போகத்தையும் பார்க்கவேண்டும். நமக்குப் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது, அதன் வால் சில வருடங்களில் பெரும்போக வெட்டு நடக்கிற மாதங்கள்வரை நீளும். அந்த வைக்கோல் ஈரத்தோடுதான் வரும். சிறுபோக வெட்டு ஓகஸ்ட், செப்ரெம்பர் வெயிலில், கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கும்போது நடப்பது. வைக்கோல் கிடந்த இடத்திலேயே சருகாகிவிடும், நிலமும் இறுகியிருக்கும், தாழ்த்தி வெட்டவும் பயமில்லை. குளத்துத் தண்ணீர் உள்ளவர்கள் வருடத்துக்கு வேண்டிய காஸ் வைக்கோலைச் சிறுபோகத்தில் சேர்ப்பதுதான் என் கணிப்பில் நல்லது. மானாவாரிக்காரருக்குப் பெரும்போகம் ஒன்றுதான், அவர்கள் வெயில் பார்த்து வேகமாக அள்ளவேண்டும்.

வேகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஈர வைக்கோல் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பார்த்தாலே தெரியும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பூஞ்சணமும் காற்றில் வாழும் நுண்ணுயிரும் வைக்கோலின் காபனைத் தின்பதால் வருகிறது. குழிக்குள் மெதேனாக, அதாவது எரிகிற காஸாக, வரவேண்டியது வெளியில் வெறும் சூடாகப் போகிறது. ஆகவே வெட்டி இரண்டு மூன்று நாளுக்குள், வெயிலில் ஒருமுறை புரட்டிப்போட்டு, முறுக்கினால் சடசடவென்று ஒடிகிற பதத்தில் அள்ளிவிடுங்கள். வைக்கோல் கட்டுகிற மெசின் கிடைத்தால் நல்லது, கட்டாக இருந்தால் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் இரண்டு மடங்கு ஏறும். மேடான இடத்தில், அடியில் தென்னோலையோ பனை மட்டையோ பரப்பி, உச்சி கூம்பாக வரும்படி போர் வைத்து மேலே படங்கு கட்டுங்கள். பூசணம் பிடித்த கட்டு வந்தால் எறிய வேண்டாம், அதை முதலில் போட்டு முடியுங்கள்.

குழியடியில் செய்ய வேண்டியது

வைக்கோலை முழுசாகக் குழிக்குள் தள்ளாதீர்கள். நீள வைக்கோல் மேலே மிதந்து, ஒன்றோடொன்று பின்னி, காய்ந்து தடித்த ஆடையாகிவிடும், அடியில் இருந்து வருகிற காஸுக்கு வழி இருக்காது. மேலே குவிந்த கூரையோடு கட்டுகிற சீன முறைக் குவிமாடக் குழியில் இது வந்தால் உடைத்துவிடுவது பெரும்பாடு. மாட்டுக்குப் புல் நறுக்குகிற மெசினிலேயே 2, 3 சென்ரிமீட்டருக்கு நறுக்கலாம். மெசின் வெட்டு வைக்கோலில் தண்டு உருளையாக அப்படியே இருப்பதால் நறுக்குவதற்கு முன் சீமெந்துத் தரையில் பரப்பி உழவு மெசினை இரண்டு தரம் ஏற்றி இறக்கினால் பழைய சூட்டடியின் பலன் கிடைக்கும். அதைச் செய்த வைக்கோலுக்கும் செய்யாததற்கும் ஊறுகிற வேகத்திலேயே வித்தியாசம் பார்க்கலாம்.

நறுக்கியதை வெறும் தண்ணீரில் ஊறவைக்காமல், குழியில் இருந்து வெளியே வருகிற கழிவுக் கரைசலில் ஐந்து முதல் ஏழு நாள் ஊறவிடுங்கள். அந்தக் கரைசலில் நமக்கு வேண்டிய நுண்ணுயிரும் இருக்கிறது, நைதரசனும் இருக்கிறது. வைக்கோலில் காபன் நைதரசனைப் போல 60 முதல் 80 மடங்கு, குழிக்குப் பிடித்தது 20 முதல் 30 மடங்கு, மாட்டுச் சாணி அந்த அளவுக்குள்தான் வரும். வைக்கோலை மட்டும் போட்டால் நுண்ணுயிருக்கு நைதரசன் போதாமல் காஸ் மந்தமாகும். மாட்டு மூத்திரம், கோழி எரு இரண்டும் நைதரசன் கூடியவை, அளவாகச் சேர்க்கலாம். கோழி எருவை அள்ளிக் கொட்டினால் அமோனியா கூடிக் குழி படுத்துவிடும்.

வீட்டுக் குவிமாடக் குழிக்கு நான் சொல்வது, 20 கிலோ பச்சைச் சாணிக்கு ஒரு கிலோ நறுக்கின வைக்கோல். இந்த ஒரு கிலோ முழுக்கச் செமித்தால் காஸை ஏறத்தாழக் கால்வாசி கூட்டிக் கொடுக்கக்கூடியது, மேலே சொன்னதுபோல வீட்டுக் குழியில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. ஒரு மாதம் அப்படி ஓடவிட்டு, மேலே ஆடை கட்டாமல் இருந்தால் இரண்டு கிலோ ஆக்குங்கள். ஐந்தாறு பேர் சமைக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு கன மீட்டர் போதும். நம் ஊர் வெக்கை இதற்கு வரப்பிரசாதம்: குளிர் நாடுகளில் குழியைச் சூடாக்கவே காஸில் ஒரு பங்கை எரிக்கிறார்கள், நமக்கு அந்தச் செலவு இல்லை.

மாடு இல்லை, வைக்கோல்தான் இருக்கிறது என்பவர்களுக்குக் குவிமாடக் குழி சரிவராது. வைக்கோலை ஒரேயடியாக நிரப்பி மூடி, மாதக்கணக்கில் காஸ் எடுத்துவிட்டு, பிறகு திறந்து மொத்தமாக வெளியே எடுக்கிற உலர் முறை ஒன்று இருக்கிறது. ஜா-எலவில் இருக்கிற தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் நெல் வைக்கோலுக்காகவே அதை உருவாக்கியது. அங்கே விசாரித்துவிட்டுக் கட்டுங்கள். தொடக்கத்தில் நுண்ணுயிருக்காகக் கொஞ்சம் சாணி வேண்டும், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எருமைப் பட்டி வைத்திருப்பவர்களிடம் வாங்கலாம். வெட்டு முடிந்ததும் பட்டிமாடுகள் ஒட்டு மேய வயலுக்கு வருமே, அப்போது இரவில் உங்கள் நிலத்தில் அடைக்கக் கேட்டுப் பாருங்கள். மேய்கிற இடத்தில் சிதறுகிற சாணியைப் பொறுக்க முடியாது, அடைத்த இடத்துச் சாணியை அள்ளலாம். மணல் தரையில் அடைத்தால் மணலும் சேர்ந்து வரும், இறுகின தரையாகப் பாருங்கள்.

குழியைத் திறந்து துப்புரவு செய்யும்போது யாரும் உள்ளே இறங்கக்கூடாது. உள்ளே ஒட்சிசன் இருக்காது, ஐதரசன் சல்பைட்டு இருக்கும், இறங்கினவர் மயங்கி விழ, தூக்கப்போனவரும் விழ, இப்படித்தான் ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர் போகிறது. மூடியைக் கழற்றிப் பல நாள் காற்றாட விட்டு, வெளியே நின்று நீளக் கம்பாலும் வாளியாலும் எடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது.

நெல் இல்லாதவர்களுக்கு

சோளன் செய்கிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜெர்மனியில் காஸுக்கென்றே சோளனை விளைத்து, செடியில் உலர்பொருள் 28 முதல் 35 சதவீதம் இருக்கிற பருவத்தில் கதிரோடு சேர்த்து வெட்டி, ஒரு சென்ரிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கிப் பதனம் போடுகிறார்கள். நாம் கதிரைக் குழிக்குள் போடத் தேவையில்லை, போடவும் கூடாது, அது சாப்பாடு. ஆனால் அவித்து விற்கிற பச்சைச் சோளனுக்கு முறிக்கும்போது செடி இன்னும் பச்சையாகத்தான் நிற்கும், அன்றைக்கே வெட்டி நறுக்கினால் வைக்கோலைவிட வேகமாகக் காஸ் வரும். முற்றிக் காய்ந்த பிறகு முறிக்கிற வயலில் தடி விறகாகிவிடும், அதற்காக மினக்கெட வேண்டாம். மிஞ்சின பச்சைத் தடியை நறுக்கிப் பிளாஸ்ரிக் பீப்பாயில் காற்றில்லாமல் இறுக்கி மூடினால் புளித்து மாதக்கணக்கில் நிற்கும், சாணி குறைகிற காலத்துக்கு உதவும். புளித்த சாமான் அமிலமானது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடவேண்டும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் தரையில் கச்சான் (நிலக்கடலை) போடுகிறவர்கள் செடியை வேரோடு பிடுங்குவதால் மணல் முழுக்க வேரில்தான் இருக்கும். காயை ஆய்ந்தெடுத்த பிறகு வேரை வெட்டி எறிந்துவிட்டுக் கொடியை மட்டும் எடுங்கள். கச்சான் கொடியில் நைதரசன் கூட, வைக்கோலோடு கலக்க இதைவிடப் பொருத்தமான துணை கிடைப்பது கடினம், ஆனால் மாட்டுக்கும் அது நல்ல தீன். மாடு உள்ளவர் முதலில் மாட்டுக்குக் கொடுக்கட்டும், சாணியாக எப்படியும் குழிக்குத்தான் வரும்.

எல்லா வைக்கோலையும் அள்ளவேண்டாம்

ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசனும் 14 முதல் 20 கிலோ பொட்டாசுச் சத்தும் இருக்கிறது. வருடாவருடம் அள்ளிக்கொண்டே போய்த் திருப்பிக் கொடுக்காமல் விட்டால் வயல் வெறுமையாகும், 2021இல் உரம் இல்லாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தாழ்த்தி வெட்டுங்கள் என்று மேலே சொன்னதைக் குழிக்கு வேண்டிய பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் போகத்துக்குப் போகம் வெவ்வேறு வரவையாக மாற்றுங்கள். மிச்ச வயலில் ஒட்டும் வைக்கோலும் கிடந்து மக்கட்டும், எரிக்கவேண்டாம், எரித்தால் நைதரசன் முழுக்கப் போய்விடும்.

காஸ் எடுத்த பிறகும் நைதரசனும் பொட்டாசும் அந்தக் கழிவுக் கரைசலிலேயே இருக்கும், காஸாகப் போவது பெரும்பாலும் காபன்தான். வெயிலில் நாள்கணக்கில் திறந்து வைத்தால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். நிழலில் மூடி வைத்து, முதல் உழவுக்குத் தண்ணீர் கட்டும்போது வாய்க்கால் வாயில் ஊற்றிவிட்டால் தண்ணீரோடு தானாகப் பரவும், உடனே உழுது மூடிவிடுங்கள். எந்த வரவையில் வைக்கோல் அள்ளினீர்களோ அந்த வரவைக்கு முதலில் விடுங்கள்.